ஊரில் நெய்யாத ஊர்த்துணி: கிழக்காப்பிரிக்கக் காங்காவின் கதை

மொம்பாசாவிலோ சான்சிபாரிலோ காங்கா வாங்கத் துணிக்கடைக்கு வரும் பெண்கள் நிறத்தையும் பூவேலையையும் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. மடிப்பைப் பிரிக்கச் சொல்லி, துணியின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருக்கும் ஒற்றை வரியைப் படித்துப் பார்க்கிறார்கள். நிறம் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், வரி மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் துணி மறுபடியும் அடுக்குக்கே போய்விடும். உடுத்தும் துணியை வாசித்துவிட்டு வாங்கும் இந்தப் பழக்கம் கிழக்காப்பிரிக்கக் கடற்கரையில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது.

காங்கா என்பது ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் நீளமும் 110 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய பருத்தித் துணி. புடவையில் நாம் கரை, உடல், முந்தானை என்று பிரித்துச் சொல்வதைப் போல, சுவாகிலி மொழியில் இதன் பகுதிகளுக்கும் பெயர்கள் உண்டு. நான்கு பக்கமும் சுற்றிவரும் அகலமான கரை 'பிண்டோ'. அதற்குள் அமைந்த உடற்பகுதி 'ம்ஜி'. அந்தச் சொல்லுக்கு ஊர் என்று பொருள். எழுத்து வரி 'ஜினா', அதாவது பெயர். ஒரே மாதிரியான இரண்டு துணிகள் சேர்ந்தது ஒரு 'டோட்டி'. இந்தச் சொல்லை இந்திய 'தோத்தி'யோடு உறவுடையதாகவே கருதுகிறார்கள். இணையில் ஒன்றை இடுப்பிலோ மார்புக்கு மேலோ சுற்றிச் செருகிக்கொண்டு, மற்றொன்றைத் தலையும் தோளும் மூடும்படி போர்த்துவது கடற்கரைப் பெண்களின் வழக்கம். தான்சானியாவில் காங்கா என்று வழங்கும் இந்தத் துணியைக் கென்யாவில் பெரும்பாலும் 'லெசோ' என்பார்கள். அது கைக்குட்டையைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது.

இன்று உலகெங்கும் இதனைக் கிழக்காப்பிரிக்காவின் மரபுத்துணி என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். அப்படிச் சொல்வது சரிதான் என்பதே என் கருத்தும். ஆனால் அந்த மரபு எங்கே இருக்கிறது என்று பார்க்கும்போது, வழக்கமாக நாம் தேடும் இடத்தில் அது கிடைப்பதில்லை. காஞ்சிபுரப் பட்டு, காஞ்சிபுரத்துத் தறியில் நெய்யப்படுவதால் காஞ்சிபுரப் பட்டாகிறது. காங்காவோ அதன் வரலாற்றின் பெரும்பகுதியில் கிழக்காப்பிரிக்காவில் நெய்யப்படவும் இல்லை, அச்சிடப்படவும் இல்லை. பிரிட்டன், நெதர்லாந்து, ஜப்பான், இந்தியா என்று கடல் கடந்த ஆலைகளிலிருந்தே அது வந்து இறங்கியது. அந்தத் துணியை அந்தக் கரைக்கு உரியதாக ஆக்கியவர்கள் அதை வாங்கி உடுத்திய பெண்கள். எந்த அளவு, எந்த நிறம், எந்தச் சொல் என்பதை அவர்கள் வகுத்தார்கள். தொலைதூர ஆலைகள் அதற்கு இணங்கின.

கிழக்காப்பிரிக்காவில் நெசவே இல்லாமலிருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1331-ஆம் ஆண்டில் மொகதிசுவில் கரையிறங்கிய இபின் பதூதா, அந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்ட துணிகள் அங்கே உற்பத்தியாகி எகிப்து வரை ஏற்றுமதியாவதாகப் பதிவு செய்திருக்கிறார். கில்வா தீவின் அகழாய்வில் நூல் நூற்கும் கதிருக்கான மட்பாண்ட வில்லைகள் கிடைத்துள்ளன. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா, தெற்கே சோஃபாலாவில் நடந்த ஒரு வேலையைக் குறிப்பிடுகிறார். அங்கிருந்த முஸ்லிம் நெசவாளர்கள் வெண்ணிறப் பருத்தித் துணியைத் தாங்களே நெய்தார்கள். ஆனால் சாயமேற்றும் வழி அவர்களிடம் இல்லை. எனவே குஜராத்தின் காம்பேயிலிருந்து வந்த நீலத் துணியையும் வண்ணத் துணியையும் இழை இழையாகப் பிரித்தெடுத்து, தங்கள் வெள்ளை நூலோடு சேர்த்து மறுபடியும் நெய்துகொண்டார்கள். முழுசாக நெய்து வந்த துணியை நூலாக்கிப் புதிதாக நெய்ய எத்தனை நாள் உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், தங்களுக்குப் பிடித்த துணி எது என்பதில் அந்த மக்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்பது விளங்கும். வந்ததை வந்தபடியே உடுத்துவது அந்தக் கரையின் பழக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை.

காங்காவுக்கு முன்னால் அந்தக் கரையை ஆண்ட துணிகள் இரண்டு. ஒன்று 'கனிக்கி'. கருநீலச் சாயத்தில் தோய்த்த, வேலைப்பாடு எதுவும் இல்லாத பருத்தித் துணியான இது முதன்மையாக இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து, கட்ச், குஜராத் வணிகர்களின் கைவழியே வந்தது. மற்றொன்று 'மெரிகானி'. அமெரிக்கன் என்ற சொல்லே சுவாகிலி நாவில் அப்படித் திரிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சேலம் என்ற துறைமுக நகரத்து வணிகர்கள் யானைத் தந்தம், கோபால் எனப்படும் மரப்பிசின், தோல் ஆகியவற்றைத் தேடிச் சான்சிபாருக்கு வந்தபோது, மாற்றாகக் கொண்டுவந்தது அந்த மாநில ஆலைகளில் நெய்த வெளுக்காத கோராத் துணியை. 1833-இல் அமெரிக்காவும், சான்சிபாரையும் ஆண்ட ஓமானிய சுல்தான் சையித் சயீதும் வணிக உடன்படிக்கை செய்துகொண்டனர். 1837-இல் முதல் அமெரிக்கத் தூதராக ரிச்சர்ட் வாட்டர்ஸ் சான்சிபாருக்கு வந்தார். அவருக்கும் துறைமுகத்தின் சுங்கக் குத்தகையைக் கையில் வைத்திருந்த கட்ச் வணிகர் ஜெய்ராம் சிவ்ஜிக்கும் இடையிலான நெருக்கத்தில்தான் மெரிகானி வணிகம் வேர் பிடித்தது.

முரடாக இருந்தாலும் நீடித்து உழைத்ததால் மெரிகானி வெறும் உடையாக நிற்காமல் நாணயமாகவும் புழங்கியது. கடற்கரையிலிருந்து தங்கன்யிகா ஏரி வரை நடந்து சென்ற வணிகக் கூட்டங்கள், வழியில் சோறு தண்ணீருக்கும், ஊர்த் தலைவர்களுக்கான வரிக்கும், சுமைகூலிக்கும் துணியை அளந்தே கொடுத்தன. 2 கெஜம் ஒரு 'ஷுக்கா', 4 கெஜம் ஒரு 'டோட்டி' என்பது அந்தப் பாதையெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. தொடர்பற்றுப்போன ஆய்வுப்பயணி லிவிங்ஸ்டனைத் தேடி 1871-இல் உள்நாட்டுக்குப் புறப்பட்ட செய்தியாளர் ஸ்டான்லி, எந்த மக்களிடம் எந்தத் துணி செல்லும், எந்த நிறப் பாசிமணியை யார் மறுப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து மூட்டை கட்ட வேண்டியிருந்தது. ஓர் ஊரில் விலைமதிப்புள்ள சரக்கு அடுத்த ஊரில் சீந்துவாரற்றுப் போகும். விருப்பத்தை விற்பவன் விதிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்து முறிந்தபோது மெரிகானியின் வழியும் அடைபட்டது. 1850-களில் தலையெடுத்த பம்பாய் ஆலைகளும் இங்கிலாந்து ஆலைகளும் அந்த இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன. துணி எங்கிருந்து வந்தாலும் கடற்கரை மக்கள் அதை மெரிகானி என்றே சொல்லி வந்தார்கள்.

இந்த இரண்டு துணிகளிலும் ஒரு கசப்பான வரலாறு தோய்ந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுச் சான்சிபாரின் கிராம்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் நடந்தன. அடிமைப் பெண்களுக்குக் கிடைத்த உடை அக்குளுக்குக் கீழே சுற்றிக்கொள்ளும் ஒரு துண்டு மெரிகானி அல்லது கனிக்கி. தலையை மூடிக்கொள்ளும் உரிமை, காலில் செருப்பு அணியும் உரிமை ஆகியவை எசமானர் குலத்துக்கு உரியவை. யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தெருவில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்படி உடை வகுக்கப்பட்டிருந்தது. 1873-இல் சான்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது. 1897-இல் அடிமை என்ற சட்டநிலை ஒழிக்கப்பட்டது. ஆனால் எசமானர் வீடுகளில் காமக்கிழத்தியராக வைக்கப்பட்டிருந்த பெண்களை அந்த ஆணை விட்டுவிட்டது. அவர்களுக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விடுதலை பெற்ற பெண்கள் முதலில் தூக்கி எறிந்த பொருள்களில் ஒன்று கனிக்கி. அதன் இடத்தில் அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டது பளிச்சென்ற நிறங்களில் அச்சிட்ட காங்கா. ஒரு துண்டுக்குப் பதில் இரண்டு துண்டு. இரண்டாவது துண்டால் தலையை மூடிக்கொள்ளலாம். டோட்டி என்ற அந்த இணையின் முழு அழுத்தமும் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். இன்று பார்ப்பவருக்கு அது ஒரு துணிக்கடை வழக்கமாகத் தோன்றலாம். ஆனால் நேற்றுவரை தலையை மூடக் கூடாதவளாக இருந்த ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டாவது துணி, தான் யாருடைய சொத்தும் இல்லை என்ற அறிவிப்பாக இருந்தது. ஆணைகளும் சட்டங்களும் காகிதத்தில் சொன்னதை அவர்கள் தெருவில் உடுத்திக் காட்டினார்கள்.

காங்கா எப்படிப் பிறந்தது என்பதற்குக் கடற்கரையில் ஒரு கதை தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், வெட்டப்படாமல் நீளத் துணியாக வந்த அச்சுக் கைக்குட்டைகளை நாகரிகம் அறிந்த பெண்கள் சிலர் கெஜக் கணக்கில் வாங்கினார்கள். மூன்று மூன்றாக வெட்டி, இரண்டு வரிசையை ஒன்றோடொன்று மூட்டித் தைத்து, ஆறு கட்டம் கொண்ட உடுதுணியாக்கிக்கொண்டார்கள். அது பரவியதைக் கண்ட வணிகர்கள், தைக்கும் வேலையே இல்லாதபடி அதே அளவில் ஒரே துணியாக அச்சிட்டுத் தரும்படி வெளிநாட்டு ஆலைகளுக்கு எழுதினார்கள். லெசோ என்ற பெயர் இந்தக் கைக்குட்டைத் தொடர்பைத் தாங்கி நிற்கிறது. காங்கா என்ற பெயருக்கோ வேறு விளக்கம். சுவாகிலியில் காங்கா என்றால் கினிக்கோழி. தொடக்ககால அச்சுகளில் கருநிறத்தில் இறைந்து கிடந்த வெண்புள்ளிகள் அந்தப் பறவையின் இறகை நினைவூட்டியதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். கூட்டமாக, ஓயாத சத்தத்தோடு திரியும் பறவை அது என்பதையும் சிலர் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொல்வதுண்டு.

பழைய வடிவங்களில் இன்றும் உயிரோடு இருப்பது 'கிசுட்டு'. சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற மூன்றே நிறங்களில் நெருக்கமான கட்டமைப்புடன் வரும் இந்தக் காங்கா திருமணத்துக்கு உரியது. நூற்றுக்கணக்கான புது வடிவங்கள் ஆண்டுதோறும் வந்து மறைந்தாலும் மணப்பெண்ணின் சீரில் கிசுட்டு இடம்பெறுவது பல குடும்பங்களில் மாறவில்லை. வழக்கமான கிசுட்டுவில் எழுத்து வரி இருக்காது. எழுத்து வருவதற்கு முந்திய காலத்தின் நினைவாக அது நிற்கிறது.

எழுத்தைக் கொண்டுவந்த பெருமையைக் கடற்கரை மக்கள் மொம்பாசாவின் காதர்தீனா ஹாஜி எசாக் என்ற வணிகருக்குக் கொடுக்கிறார்கள். 1887 முதல் வணிகம் செய்துவரும் அவரது நிறுவனத்தின் காங்காக்களில் 'மாலி யா அப்துல்லா', அதாவது 'அப்துல்லாவின் சரக்கு' என்ற முத்திரை பதிந்திருக்கும். அவரை ஊரார் அப்துல்லா என்றே அழைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காங்காவில் பழமொழிகள் இடம்பெறத் தொடங்கின. முதலில் அரபு எழுத்தில் சுவாகிலி. காலனியப் பள்ளிகள் பரவிய பின் ரோமன் எழுத்தில். அதிலிருந்து காங்காவுக்கு வாய் வந்துவிட்டது.

அந்த வாய் பேசும் பேச்சின் அகலத்தைச் சில வரிகளிலிருந்தே உணரலாம். 'நானி காமா மாமா' என்பது அம்மாவுக்குப் பிள்ளைகள் வாங்கித் தரும் காங்கா: அம்மாவைப் போல வேறு யார். 'ஹாபா நா ஹாபா ஹுஜாசா கிபாபா': சிறுகச் சிறுகப் படி நிறையும். கிபாபா என்பது தானியம் அளக்கும் படியேதான். 'உசிசஃபிரியே ந்யோட்டா யா ம்வென்சியோ': அடுத்தவர் விண்மீனை நம்பிப் பாய்மரம் விரிக்காதே; கடலோடிகளின் ஊரில் பிறந்த சொல் இது. 'சிசி சோத்தே அபிரியா, தெரேவா நி முங்கு': நாமெல்லாரும் பயணிகள், வண்டியோட்டி கடவுளே. இவற்றோடு வேறொரு இனமும் உண்டு. 'நவோகோபா சிம்பா நா மேனோ யாகே, சியோகோபி ம்து குவா மனேனோ யாகே'. சிங்கத்துக்கும் அதன் பல்லுக்கும் அஞ்சுவேன், மனிதரின் சொல்லுக்கு அஞ்சேன் என்பது இதன் பொருள். பல்லைக் குறிக்கும் மேனோவும் சொல்லைக் குறிக்கும் மனேனோவும் இயைந்து வருவதால், கேட்ட மாத்திரத்தில் நெஞ்சில் பதியும் வரியாக அது அமைந்திருக்கிறது.

இந்தக் கடைசி இனமே காங்காவின் தனித்தன்மை. அக்கம்பக்கத்து மனத்தாங்கல், சக்களத்திப் பூசல், மாமியார் மருமகள் உரசல், ஊர்வம்பு ஆகியவற்றை வாய்விட்டுப் பேசுவது கடற்கரைச் சமூகத்தில் பண்புக் குறைவு. அடக்கமும் நிதானமும் மதிக்கப்படும் இடத்தில் கோபத்தைக் காட்ட வழி வேண்டும். குறிப்பிட்ட வரி கொண்ட காங்காவை உடுத்திக்கொண்டு குறிப்பிட்ட வீட்டு வாசலைக் கடந்து போனால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். 'யாரைச் சொல்கிறாய்' என்று அந்தப் பெண் வந்து கேட்டால், 'நிறம் நன்றாக இருந்தது, வாங்கினேன்' என்று சொல்லிவிடலாம். வரியை அவள் எழுதவில்லை. அச்சிட்டவன் வேறு ஊரில் இருக்கிறான். அது எல்லாருக்கும் பொதுவான பழமொழி. சொன்னவர் இல்லாமலே சொல் மட்டும் போய்த் தைக்கிறது. பொதுமேடையில் பேச இடமில்லாத பெண்கள் இப்படியொரு நுட்பமான பேச்சுமுறையைத் தங்கள் உடையிலேயே உண்டாக்கிக்கொண்டதை, எந்தச் செம்மையான இலக்கிய வடிவத்துக்கும் குறைந்ததாக என்னால் எண்ண முடியவில்லை. ஆய்வாளர்கள் சிலர் காங்காவை வெறும் பழமொழித் தொகுப்பாகப் படிக்கிறார்கள். அதில் ஒரு குறை இருக்கிறது. ஒரே வரி, கணவன் வாங்கித் தந்தால் ஒரு பொருள், தானே வாங்கி உடுத்தினால் ஒரு பொருள், தோழிக்குப் பரிசளித்தால் வேறு பொருள். யார் யாருக்குக் கொடுத்தார், எந்த நாளில் உடுத்தினார் என்பதை நீக்கிவிட்டால் வரி வெறும் எழுத்தாகிவிடுகிறது.

இந்தப் பேச்சுமுறைக்கு இசையிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு. 'தாரப்' எனப்படும் கடற்கரை இசையில் பாடல் வரிகள் காங்காவின் ஜினாவாவதும், காங்காவின் வரி பாடலாவதும் இயல்பாக நடந்தன. அடிமை மரபில் பிறந்து, சான்சிபாரின் அரண்மனை முதல் குடிசை வரை கேட்கப்பட்ட பாடகியான சித்தி பிந்தி சாத், 1928-இல் பம்பாய்க்குக் கப்பலேறிச் சென்று இசைத்தட்டுகள் பதிவு செய்தார். அதுவரை அரபு மொழிக்கே உரியதாக இருந்த மேடையில் சுவாகிலியை ஏற்றியவர் அவர். கனிக்கியை விட்டுக் காங்காவுக்கு வந்த அந்தத் தலைமுறையின் குரல் என்று அவரைச் சொல்லலாம். துணியும் பாட்டும் ஒரே கடல்வழியில் பம்பாய்க்கும் சான்சிபாருக்கும் இடையே போய்வந்தன.

இனி ஆலைகளின் பக்கம் வருவோம். முதல் உலகப் போருக்கு முன்பு வரை காங்கா அச்சில் ஐரோப்பிய ஆலைகளின் கை ஓங்கியிருந்தது. போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஜப்பான் நுழைந்தது. காங்கோ வடிநில உடன்படிக்கைகளின்படி கிழக்காப்பிரிக்காவில் எந்த நாட்டுச் சரக்குக்கும் தனிச் சலுகையோ தனித் தடையோ விதிக்க முடியாது. தன் குடியேற்ற நாட்டிலேயே தன் ஆலைகளுக்குச் சுங்கக் காப்பு தர இயலாமல் பிரிட்டன் கைபிசைந்து நிற்க, மலிவான ஜப்பானியத் துணி சந்தையை நிறைத்தது. இந்தப் போட்டியிலெல்லாம் ஒன்று மாறாமல் இருந்தது. வடிவத்தை முடிவு செய்தது ஒசாகாவோ மான்செஸ்டரோ இல்லை. மொம்பாசா, சான்சிபார், தாருஸ்ஸலாம் நகரங்களின் வணிகர்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர், உள்ளூர்ப் பெண்களின் விருப்பத்தைக் கேட்டறிந்து மாதிரிகளையும் வரிகளையும் அனுப்பினார்கள். கணிப்பு தவறிய கட்டுகள் கிடங்கிலேயே தேங்கிவிடும். எனவே அந்த விருப்பத்தை அலட்சியம் செய்ய யாருக்கும் துணிவில்லை.

துணி வெளியிலிருந்து வர, பருத்தி மட்டும் மண்ணிலிருந்து வெளியே போனது என்பதுதான் இந்த வரலாற்றின் ஆறாத புண். ஜெர்மானிய ஆட்சி, இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியான தங்கன்யிகாவின் தெற்கில் ஊர் மக்களைப் பொதுவயல்களில் கட்டாயமாகப் பருத்தி பயிரிட வைத்தது. 1905-இல் மாதும்பி மலைப்பகுதி மக்கள் அந்தப் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்ததே மாஜி மாஜி எழுச்சியின் தொடக்கமாயிற்று. 1907 வரை நீடித்த அந்த எழுச்சியை ஜெர்மானியர் ஒடுக்கிய விதத்தில், சண்டையில் இறந்தவர்களைவிடப் பயிரும் தானியமும் எரிக்கப்பட்டதால் பட்டினியில் மடிந்தவர்களே மிகுதி. உகாண்டாவிலும், பின்னாளில் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே சுகுமா மக்களின் நிலத்திலும் பருத்தி பெரும்பயிரானது. ஆனால் அது பொதியாகக் கப்பலேறி, துணியாகத் திரும்பி வந்தது.

விடுதலைக்குப் பின் இந்தச் சுற்றை உடைக்க நினைத்தவர்களில் முதன்மையானவர் தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரே. சோசலிசப் பாதையை அறிவித்த 1967-இன் அருஷா பிரகடனத்துக்கு அடுத்த ஆண்டு, சீன உதவியுடன் தாருஸ்ஸலாமில் 'உரஃபிகி' ஆலை இயங்கத் தொடங்கியது. உரஃபிகி என்றால் நட்பு. நூற்பு, நெசவு, அச்சு மூன்றும் ஒரே வளாகத்தில் நடந்த ஆலை அது. முவான்சாவிலும் பிற நகரங்களிலும் அரசு ஆலைகள் எழுந்தன. கென்யாவிலும் ஆலைகள் வந்தன. சொந்த வயலின் பருத்தி சொந்த ஆலையில் காங்காவாகி வந்த அந்த ஆண்டுகளை இன்றும் பெருமையோடு நினைவுகூர்பவர்கள் உண்டு. அந்தப் பெருமை நியாயமானது. தேசிய விழாக்கள், கட்சி மாநாடுகள், எழுத்தறிவு இயக்கம், நோய்த்தடுப்பு என்று அரசும் தன் செய்திகளைக் காங்காவில் அச்சிட்டது. வாசல் வழியே போன பேச்சு இப்போது மேடைக்கும் ஏறியது.

ஆனால் ஆலைகள் நிலைக்கவில்லை. உதிரிபாகத்துக்கும் சாயத்துக்கும் அந்நியச் செலாவணி வேண்டும்; 1970-களின் எண்ணெய் விலையேற்றமும், 1978-79-இன் உகாண்டாப் போரும் அதைக் கரைத்துவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் தான்சானியாவில் சோப்பு, சர்க்கரையோடு துணியும் கிடைப்பது அரிதாயிற்று. 1983-இல் பதுக்கல்காரர்கள்மீது அரசு பெரிய நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதன்பின் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டதும், பழைய எந்திரங்களோடு தடுமாறிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, அல்லது கைமாறின. உரஃபிகியும் 1990-களில் சீன நிறுவனத்தோடு கூட்டு நிறுவனமானது. இன்று கடைகளில் தொங்கும் காங்காக்களில் பல இந்தியாவிலிருந்து வருகின்றன. குஜராத்தின் ஜேத்பூர் சாய அச்சுப் பட்டறைகளுக்குக் காங்கா பழகிய சரக்கு. தனக்குத் தெரியாத மொழியில், தான் அறியாத ஒரு சக்களத்திச் சண்டைக்கான வரியை அங்கே ஒருவர் அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்.

மேலைநாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய உடுப்புகள், அதாவது 'மிதும்பா', கிழக்காப்பிரிக்க ஆடைத் தொழிலை நசுக்கிவிட்டதாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2016-இல் கிழக்காப்பிரிக்கச் சமூக நாடுகள் 2019-க்குள் அந்த இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தன. அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்ததும் மற்ற நாடுகள் பின்வாங்க, உறுதியாக நின்ற ருவாண்டாவின் ஆடைகளுக்கு அமெரிக்கா தந்துவந்த தீர்வையற்ற சலுகை 2018-இல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் சட்டையையும் கால்சட்டையையும் கவுனையும் வீழ்த்திய மிதும்பாவால் காங்காவைத் தொட முடியவில்லை. லண்டனிலோ சிகாகோவிலோ கழித்துப்போடும் துணி மூட்டைகளில் 'நானி காமா மாமா' என்று எழுதிய துணி கிடைக்காது. உள்ளூர் மொழியும் உள்ளூர் வழக்கமும் எந்தச் சுங்கவரியையும்விட வலுவான காப்பாக அமைந்துவிட்டன. காப்பு கிடைத்தது துணிக்குத்தான், உள்ளூர் ஆலைக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுகுமாநில உழவரின் பருத்தியில் பெரும்பகுதி இன்றும் பஞ்சாகவே கப்பலேறுகிறது.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தெளிவுபடுத்துவது நல்லது. காங்காவையும் 'கிடெங்கே'யையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். கிடெங்கே சற்றுத் தடிப்பான, கரையும் எழுத்தும் கட்டாயமில்லாத, முழு நீளத்துக்கும் ஒரே வேலைப்பாடு ஓடும் துணி. ஜாவாவின் பாத்திக் துணியை எந்திரத்தால் நகலெடுக்க 19-ஆம் நூற்றாண்டில் டச்சு ஆலைகள் செய்த முயற்சியிலிருந்து கிளைத்த மெழுகச்சு மரபு அது. தையல்காரரிடம் கொடுத்துச் சட்டையாகவும் கவுனாகவும் தைத்துக்கொள்ளப்படுவது பெரும்பாலும் இதுவே. காங்காவை வெட்டித் தைப்பதும் உண்டு என்றாலும், அதன் இயல்பு சுற்றிக்கொள்வது. ஆண்களின் 'கிகோய்' இவை இரண்டிலும் சேராது. நம் கைலியைப் போல இடுப்பில் கட்டும் அந்தத் துணியில் கோடுகளும் கரையும் தறியிலேயே நெய்யப்படுகின்றன. 2000-களின் நடுவில் பிரிட்டனில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்ய முயன்றபோது, கென்யாவில் எழுந்த எதிர்ப்பு அதைத் தடுத்தது. மொசாம்பிக்கின் 'கபுலானா', மடகாஸ்கரில் பழமொழி தாங்கி வரும் 'லம்பஹோவானி' ஆகியவை காங்காவின் நெருங்கிய உறவுகள்.

காங்காவின் வாய் இன்னும் ஓயவில்லை. 2008-இல் பராக் ஒபாமா அமெரிக்க அதிபராகத் தேர்வானபோது அவர் படத்தோடு வந்த காங்காவில், அன்பையும் அமைதியையும் இறைவன் நமக்கு அருளினான் என்ற வரி இருந்தது. திருமண வீடுகளில் பெண்வீட்டார் ஒரு வடிவம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு வடிவம் என்று கூட்டமாக ஒரே காங்காவை உடுத்துவதற்குச் 'சாரே' என்று பெயர். குழந்தையை முதுகில் கட்டிச் சுமக்கும் துணிக்கு 'ம்பெலெக்கோ' என்று பெயர். பலமுறை துவைத்து மெதுவாகிப்போன பழைய காங்காவைத்தான் பிறந்த குழந்தையைப் பொதிந்து வைக்கத் தேடுவார்கள்.

புதுத் துணியோ கஞ்சி விறைப்போடு, இணை பிரியாமல் ஒரே நீளமாகத்தான் கடைக்கு வருகிறது. ஜேத்பூரில் அச்சானாலும் தாருஸ்ஸலாமில் அச்சானாலும் இதில் வேறுபாடு இல்லை. வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் நடுவே வெட்டி இரண்டாக்க வேண்டும். ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். கஞ்சி போகும்வரை துவைக்க வேண்டும். அதன் பிறகே அதை உடுத்துகிறார்கள்.